திரைக்குள் மறையும் உழைப்பு: தமிழ்ப் புனைவிற் கணினித்துறை ஊழியர்

1

தமிழிலே தொழிலாளர் வாழ்வு புனைகதையின் பொருளாகி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிறைவடைகின்றது. 1935ஆம் ஆண்டில் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ தேயிலைத் தோட்டத்திற்குக் கூலிகளாகச் சென்றோரின் அவலத்தைப் பேசிற்று. 1979ஆம் ஆண்டில் ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலிலே தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைச் சித்திரித்தார். 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற டி. செல்வராஜின் ‘தோல்’, திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிலாளரின் வரலாற்றைக் கூறிற்று. ஈழத்திலே மலையக எழுத்தாளர் கொழுந்து பறிக்கும் கைகளைப் பற்றி எழுதினர். திருகோணமலை மாவட்டத்தின் மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம் எழுதிய ‘தோணி’, கடற்கரைக் குடிசையிற் பிறந்த ஒருவன் தனக்கெனத் தோணியொன்று வேண்டுமென ஏங்குவதைப் பொருளாகக் கொண்டது.

இப்படைப்புகள் கலைத்தரத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. எனினும், அவற்றிடையே பொதுவான பண்பொன்று உண்டு. வாசகன் அவற்றைப் படித்து முடிக்கும்போது ஒரு தொழில் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதையும் ஓரளவு அறிந்துகொள்கின்றான். உப்புப் பாத்தியில் நிற்பவளின் பாதம் ஏன் வெடிக்கின்றது, தோல் ஊறும் தொட்டிக்குள் இறங்குபவனின் உடல் எவ்வாறு கெடுகின்றது, தோணி இல்லாதவன் தன் உழைப்பில் எவ்வளவைத் தோணிக்காரனுக்கு இழக்கின்றான் என்பன கதையின் புறத்தே கிடக்கும் தகவல்களல்ல. கதைமாந்தரின் சினமும் காதலும் தோல்வியும் அவற்றிலிருந்தே பிறக்கின்றன. தொழிலைக் காட்டுவதன் மூலமே இவ்வெழுத்தாளர்கள் தொழிலாளியைக் காட்டினர் எனலாம்.

கடந்த கால் நூற்றாண்டிலே தமிழ்ச் சமுதாயத்திற் புதிய வகை ஊழியர் கூட்டமொன்று தோன்றியுள்ளது. கணினித் திரையின் முன் அமர்ந்து, கண்காணா நாடொன்றிலுள்ள வாடிக்கையாளருக்காக மென்பொருள் எழுதியும், எழுதப்பட்டதைச் சோதித்தும், பழுது பார்த்தும் ஊதியம் பெறுவோர் இவர்கள். சென்னைத் தரமணியில் 2000ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதை இக்கூட்டத்தின் எழுச்சிக்கு ஓர் எல்லைக்கல்லாகக் கொள்ளலாம். தமிழ்ப் புனைவு இவ்வூழியரை எவ்வாறு நோக்கியிருக்கின்றது, அந்நோக்கில் எது விடுபட்டுள்ளது என்பவற்றை ஆராய்ந்து, அதனைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலுள்ள குறிஞ்சாக்கேணி போன்ற ஓர் ஊரின் நிலையோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கணினியைத் தமிழ் வாசகரின் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் சுஜாதா. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திற் பங்குகொண்ட பொறியாளர் அவர். ஆயினும், அவருடைய புகழ்பெற்ற கதைகளிற் கணினி பெரும்பாலும் வியப்புக்குரிய பொருளாகவோ எதிர்காலத்தின் சின்னமாகவோதான் தோன்றுகின்றது. தொழில்நுட்ப நிறுவனமொன்றின் அன்றாடத்தை உள்ளிருந்து அறிந்தவரான அவர், அவ்வன்றாடத்தைவிட இயந்திரத்தின் அதிசயத்தையே வாசகருக்கு மிகுதியாக வழங்கினார். அவர் எழுதிய காலத்து வாசகரின் தேவை அதுவாக இருந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம்.

அன்றாடத்தை நோக்கி நகர்ந்த முன்னோடி முயற்சியாக இரா. முருகனின் ‘மூன்று விரல்’ நாவலைக் குறிப்பிடுதல் தகும். மென்பொருள் பொறியாளன் ஒருவனின் வாழ்வை மையமாகக் கொண்ட இந்நாவலின் தலைப்பே தொழிலினின்று பிறந்தது. செயலற்று உறைந்துவிட்ட கணினியை மீளத் தொடக்குவதற்கு மூன்று விசைகளை ஒருசேர அழுத்தும் விரல்களையே அது சுட்டுகின்றது. காலக்கெடு, வாடிக்கையாளரின் நெருக்குதல், நாடுவிட்டு நாடு செல்லும் பயணம் ஆகியவற்றை அத்துறையை நன்கறிந்த ஒருவரின் எள்ளலோடு ஆசிரியர் கூறிச் செல்கின்றார். எனினும், அவரது எள்ளல் தனிமனிதனின் அலைக்கழிவோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. அவனை அலைக்கழிக்கும் ஏற்பாட்டை முழுமையாகத் துருவிப் பார்க்கும் பணி பின்வருவோருக்கென எஞ்சியிருந்தது.

2007ஆம் ஆண்டில் வெளிவந்த ராமின் ‘கற்றது தமிழ்’ திரைப்படம் இப்பொருளைப் பொதுமக்களின் விவாதத்திற்குக் கொணர்ந்தது. தமிழிலே முதுகலைப் பட்டம் பெற்றுச் சொற்ப சம்பளத்தில் உழலும் ஓர் இளைஞனையும், அவன் வயதொத்த கணினித்துறை ஊழியரையும் அப்படம் எதிரெதிரே நிறுத்துகின்றது. ஒரே நகரில், ஒரே தலைமுறையில், இருவரது ஊதியத்துக்குமிடையே தோன்றிய பெரும் இடைவெளியை இத்துணை வெளிப்படையாகக் கேட்ட வேறொரு தமிழ்ப்படத்தைச் சுட்டுதல் அரிது. கலைப்பீட மாணவர் அப்படத்தைத் தம் குரலாகக் கருதியதில் வியப்பில்லை. கிழக்கு மாகாணத்தில் 2017ஆம் ஆண்டில் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரங்களில் அமர்ந்து நடத்திய தொடர் போராட்டங்களை நினைவுகூர்வோருக்கு அந்நாயகனின் கசப்பு அந்நியமானதன்று.

ஆயினும், அக்கசப்பு எவர்மீது பாய்கின்றது என்பது சிந்திக்கத்தக்கது. ஊதிய இடைவெளியை உண்டாக்கிய பொருளாதார ஏற்பாடு திரையில் உருப்பெறுவதில்லை. அதற்குப் பதிலாக, கூடுதற் சம்பளம் பெறும் சக இளைஞன் விசாரணைக் கூண்டில் ஏற்றப்படுகின்றான். ஆங்கில வாசகம் பொறித்த மேற்சட்டை அணிந்த பெண்ணொருத்தி தாக்கப்படுகின்றாள். அவள் என்ன தொழில் செய்கின்றாள், எத்தனை மணித்தியாலம் செய்கின்றாள், அவளது உழைப்பால் இலாபமடைவோர் யாவர் என்பவற்றைப் படம் கேட்பதில்லை. அவளது உடை கேட்கப்படுகின்றது. அவளது உழைப்புக் கேட்கப்படவில்லை. சுரண்டலைப் பற்றிப் பேசத் தொடங்கிய ஒரு படைப்பு, ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பாக முடிந்துவிடும் இடம் இதுவே.

விநாயக முருகனின் ‘ராஜீவ்காந்தி சாலை’ நாவல் இதனினும் விரிந்த களத்தை எடுத்துக்கொண்டது. சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலை கணினி நிறுவனங்களின் வீதியாக மாறியபோது, நிலத்தை இழந்தோருக்கும் நிலத்தின்மீது எழுந்த கட்டடங்களுக்குள் அமர்ந்தோருக்கும் நேர்ந்தவற்றை இணைத்துக் காட்ட அது முயல்கின்றது. இவ்விணைப்பே அந்நாவலின் முதன்மையான பலம். ஆனால், அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பாலுறவும் மன உளைச்சலும் சாவும் முன்வரிசைக்கு வருகின்றன. தொழில் பின்னணிக்குச் சென்றுவிடுகின்றது. வேலையாலேயே இம்மனிதர் இவ்வாறாயினர் என்று நாவல் உணர்த்த விரும்புகின்றது. அவ்வேலை இன்னதென்று வாசகன் நெருங்கிக் காணாதவிடத்து, அவ்வுணர்த்துகை முழுமையாக நிறுவப்படாமற் போகின்றது.

3

கணினித்துறை ஊழியரின் அன்றாடம் வெறுமையானதன்று. காலையிலே திரையைத் திறந்ததும் அன்று தீர்க்கவேண்டிய பழுதுகளின் பட்டியல் காத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, தவணை உண்டு. குழுவின் காலைக் கூட்டத்தில் நேற்று முடித்ததையும் இன்று முடிக்கப்போவதையும் ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருப்பின் அவரது பகல் இவரது இரவாகும். தாம் எழுதிய நிரலின் விளைவு எங்கே சென்று சேர்கின்றது என்பதை எழுதியவரே முற்றாக அறியாதிருத்தலும் உண்டு. மேசையிலுள்ள மடிக்கணினி பெரும்பாலும் கம்பனியின் உடைமை. வேலை போகும் நாளில் அது திரும்பப் பெறப்படும். உட்புகும் கடவுச்சொல் அதற்கு முன்னரே செயலிழந்துவிடும். ‘தோணி’ எழுப்பிய பழைய வினா இங்கு வேறோர் உருவில் நிற்கின்றது. கருவி யாருக்குச் சொந்தம் என்பதே அவ்வினா.

இவ்வன்றாடத்தோடு, கம்பனியின் ‘செய்தி’ என்னும் இன்னொன்றும் ஊழியரின் வாழ்வை ஆள்கின்றது. இலங்கையின் இரு நிகழ்வுகள் இதனைத் தெளிவுபடுத்தும். கொழும்புக்கு அண்மையிலுள்ள மாலபேயில் இயங்கிய மில்லேனியம் ஐ.ரி. நிறுவனத்தை 2009ஆம் ஆண்டில் இலண்டன் பங்குச் சந்தை வாங்கியது. 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலண்டனின் பங்கு வணிகமே இலங்கை ஊழியர் உருவாக்கிய மென்பொருளின்மேல் நடைபெறத் தொடங்கிற்று. 2005ஆம் ஆண்டில் இலங்கையிலே தொடங்கப்பட்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தை, சுவீடனைத் தலைமையிடமாகக் கொண்ட ஈ.கியூ.டி. என்னும் முதலீட்டு நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வாங்கியது. பத்திரிகைகளின் வணிகப் பக்கங்களில் இவை வெற்றிச் செய்திகளாக வெளிவந்தன. அவ்வாறு கருதப்படுதற்கு நியாயமும் உண்டு. உலகின் பழம்பெரும் சந்தையொன்று இயங்கத் தேவையான மூளையுழைப்பை ஒரு சிறு தீவின் இளைஞர் வழங்கினர் என்பது பெருமைக்குரியதே.

நாவலாசிரியன் அதே செய்தியை வேறோர் இடத்திலிருந்து கேட்டல் வேண்டும். முன்னாள் மாலையில் ஒரு முதலாளிக்கு வேலை செய்து வீடு திரும்பிய ஊழியர், மறுநாட் காலையில் வேறொரு முதலாளியின் ஆளாகின்றார். இருக்கை மாறவில்லை, செய்யும் வேலை மாறவில்லை, எனினும், அவரது நாளையைத் தீர்மானிக்கும் மேசை கடல் கடந்துவிட்டது. தமது நிறுவனத்தைப் பற்றிய செய்தியைத் தாமே இறுதியாக அறியும் நிலை இத்துறைக்குரிய ஒரு பண்பு. இதிற் பொதிந்துள்ள நாடகத்தன்மை தமிழ்ப் புனைவின் கண்ணிற் போதியளவு படவில்லை. அன்றாடமும் செய்தியும் ஒன்றையொன்று தொடும் புள்ளியிலேதான் இவ்வூழியரின் கதை பிறக்க முடியும்.

4

மேற்கூறிய புனைவுகள் யாவும் பெருநகரையே களமாகக் கொண்டவை. கண்ணாடிக் கட்டடம், நிறுவன வாகனம், நெடுஞ்சாலை, அடுக்குமாடி ஆகியன அவற்றின் நிரந்தரக் காட்சிகள். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று இக்களத்தையே மாற்றிவிட்டது. அலுவலகம் ஊழியரின் வீட்டுக்குள் வந்தது. கொழும்பிலோ சென்னையிலோ அறையெடுத்துத் தங்கியிருந்தோர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பி, அங்கிருந்தே கடல் கடந்த கம்பனிகளுக்கு உழைத்தனர். இதனால், இதுவரை இவ்வகைப் புனைவில் இடம்பெறாத ஊர்களும் இத்தொழிலின் களங்களாகக்கூடிய நிலை ஏற்பட்டது.

குறிஞ்சாக்கேணி அத்தகைய ஊர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. கிண்ணியா நகரிலிருந்து களப்பு நீரினாற் பிரிக்கப்பட்ட அவ்வூரின் மக்களுக்கு நீரைக் கடத்தல் அன்றாடப் பிரச்சினையாக இருந்துவந்துள்ளது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் நாட்டின் மிக நீளமான பாலமாக அது விளங்கிற்று. அதனூடாகக் கிண்ணியா திருகோணமலையுடன் இணைந்தது. அதுகாறும் பயணிகளை ஏற்றிச் சென்ற துறையின் தேவை அவ்விடத்தில் ஒழிந்தது. எனினும், குறிஞ்சாக்கேணியின் பாலம் புனரமைப்புக்குட்பட்டிருந்த காலத்தில் மக்கள் மீண்டும் மிதப்பொன்றை நம்பவேண்டியதாயிற்று. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாட் காலையில் அம்மிதப்புக் கவிழ்ந்தது. பாடசாலை செல்லப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர்.

அதே காலத்திலே இவ்வாறானதோர் ஊரிலிருந்து ஓர் இளைஞனோ யுவதியோ அனுப்பும் நிரல், கடலடிக் கம்பிகளின் வழியே ஒரு நொடிக்குள் இலண்டனையோ சிட்னியையோ அடைந்துவிடும் நிலை இருந்தது. நிரல் உலகைக் கடந்தது. குழந்தையாற் களப்பைக் கடக்க இயலவில்லை. வளர்ச்சி என்பது எவற்றை விரைவாக நகர்த்துகின்றது, எவற்றை நின்ற இடத்திலேயே விட்டுவிடுகின்றது என்ற வினாவை இதனினும் கூர்மையாக எழுப்பும் களம் எளிதிற் கிடைப்பதன்று. கண்ணாடிக் கட்டடத்தை மட்டும் காணும் நாவல் இம்முரண்பாட்டைக் காணாது. மிதப்பின் துயரத்தை மட்டும் பாடும் கவிதையும் இதன் முழுமையைக் காணாது. இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே காலைப்பொழுதில் வைத்துப் பார்க்கும் யதார்த்தமே இன்று வேண்டப்படுகின்றது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி இக்களத்துக்கு மேலும் ஆழம் சேர்த்தது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீடித்தது. வாடிக்கையாளரின் தவணை மின்வெட்டுக்காகக் காத்திருப்பதில்லை. 2023ஆம் ஆண்டு சனவரி முதல் மாதமொன்றுக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வருமானத்தின்மீது வருமான வரி விதிக்கப்பட்டு, அதன் உச்ச வீதம் 36 சதவீதமாக்கப்பட்டது. அதனை எதிர்த்து வைத்தியரும் விரிவுரையாளரும் வங்கி ஊழியரும் வேலைநிறுத்தம் செய்தனர். நாட்டைவிட்டு வெளியேறுவதா, ஊரிலேயே நிற்பதா என்ற வினா தொழில்சார் இளைஞர் பலரின் வீடுகளில் எழுந்தது. போரும் ஆழிப்பேரலையும் கண்ட திருகோணமலை மாவட்டத்தில் அவ்வினாவுக்குத் தனிப்பட்ட கனம் உண்டு. ஒருகாலத்தில் அம்மாவட்டத்தவர்க்கு நிரந்தர வேலை வழங்கிய பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957ஆம் ஆண்டில் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. தொலைவிலுள்ள ஒரு மேசையில் எடுக்கப்படும் முடிவு இங்குள்ள அடுப்பை எவ்வாறு தொடும் என்பதை அத்துறைமுகம் முன்னரே அறியும்.

5

இவ்விடத்து எழக்கூடிய மறுப்பொன்றுக்கு விடையளித்தல் அவசியம். ஏனையோரினும் கூடிய ஊதியம் பெறும் ஒருவரை உழைப்பாளர் இலக்கியத்தின் பொருளாகக் கொள்வது, கொழுந்து பறிப்பவளையும் உப்பு வாருபவளையும் அவமதிப்பதாகாதா என்று கேட்கப்படலாம். ஊதியத்தின் அளவு வேறு. ஊதியம் பெறுபவருக்கும் கொடுப்பவருக்குமுள்ள உறவு வேறு. 2015ஆம் ஆண்டு சனவரியில், பெருநிறுவனமொன்றின் வேலைநீக்க நடவடிக்கையை எதிர்த்துக் கருவுற்றிருந்த பெண் ஊழியர் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடி இடைக்காலத் தடை பெற்றார். 2016ஆம் ஆண்டிலே தொழிற்றகராறுச் சட்டம் தகவல் தொழில்நுட்ப ஊழியருக்கும் பொருந்தும் என்பதையும், அவர்கள் சங்கம் அமைக்கலாம் என்பதையும் தமிழ்நாட்டு அரசு தெளிவுபடுத்த நேர்ந்தது. கண்ணாடிக் கட்டடத்துக்குள் இருப்போரும் சட்டத்தின் பார்வையிலே தொழிலாளரே என்பது இதனாற் புலனாகின்றது. அன்றியும், 2008ஆம் ஆண்டளவில் ஈழப் போரைக் கண்டித்துச் சென்னையில் வீதிக்கு வந்தோருள் மென்பொருள் ஊழியர் பலர் இருந்தனர். அத்துறையினரின் உரிமைக்கான மன்றமொன்றும் அச்சூழலிலேயே உருப்பெற்றது. சமுதாயக் கவலையற்ற நுகர்வோர் கூட்டமாக மட்டும் அவர்களைத் தீட்டும் வழக்கத்துக்கு இவ்வரலாறே தக்க மறுப்பாகும்.

மற்றொரு தடை மொழியினாலானது. இதுவே மெய்யான தடை. உப்பளத்துக்கும் வயலுக்கும் கடலுக்கும் தமிழிலே நூற்றுக்கணக்கான சொற்கள் உள்ளன. அவை தொழிலாளரின் வாயிற் பிறந்தவை. கணினி வேலையின் சொற்களோ அனைத்தும் ஆங்கிலத்தில் வந்தவை. ‘என்ன வேலை மகள் செய்யிறாய்?’ என்று உம்மா கேட்டால், ‘கம்பனி வேலை உம்மா’ என்பதற்குமேல் ஒரு மகளாற் சொல்ல முடிவதில்லை. வாப்பாவின் வலை எவ்வாறு கிழிந்தது என்பதை வீடு முழுவதும் அறியும். மகளின் இரவு எவ்வாறு கழிந்தது என்பதை எவரும் அறியார். ஒரே கூரையின் கீழ் ஒருவர் உழைப்பு மற்றவர்க்குப் புரியாத நிலை தமிழ்க் குடும்பத்துக்குப் புதிது. எழுத்தாளர்கள் இத்தடையைக் கடவாது, ஒன்றிற் கலைச்சொற்களை அள்ளித் தெளிக்கின்றனர், அன்றித் தொழிலையே தவிர்த்துக் காதலுக்கும் களியாட்டத்துக்கும் சென்றுவிடுகின்றனர்.

ஆனால், அத்தடையே கதையாகலாம் என்பது கவனிக்கற்பாலது. விளக்க முடியாத வேலையைச் செய்பவரின் தனிமையை எழுதுவதற்குக் கலைச்சொல் அகராதி தேவையில்லை. உப்பளத்தை எழுதுமுன் ராஜம் கிருஷ்ணன் அம்மக்களிடையே நேரிற் சென்று பழகினார். அத்தகைய களப்பணியைக் கணினித்துறை ஊழியரின் வீட்டிலும் அலுவலகத்திலும் மேற்கொள்ளும் பொறுமை எழுத்தாளருக்கு வேண்டும். அத்துறையினுள் இருப்போர் தாமே எழுத முன்வருவது இன்னும் சிறப்பு.

1968ஆம் ஆண்டில் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ நூலை வெளியிட்ட பேராசிரியர் க. கைலாசபதி, நாவலைச் சமுதாய மாற்றத்தோடு இணைத்து நோக்கும் நெறியை ஈழத்து விமர்சனத்தில் ஆழ வேரூன்றச் செய்தவர்களுள் ஒருவர். அந்நெறியைப் பின்பற்றுவோர், பழைய தொழிலாளர் நாவல்களைப் போற்றுவதோடு அமையாது, தமது காலத்துத் தொழிலை எவர் எழுதுகின்றார் என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள். பல்கலைக்கழகங்களில் இன்று கலைப்பீடத்தாரும் கணினிப்பீடத்தாரும் ஒரே உணவகத்தில் உண்டும், ஒருவர் படிப்பை மற்றவர் ஏளனம் செய்தும், ஒருவரையொருவர் அறியாமலே பிரிந்து செல்கின்றனர். ‘கற்றது தமிழ்’ காட்டிய பகைமை இவ்வறியாமையிலேதான் வளர்கின்றது. தமிழ் கற்றவர் கணினி கற்றவரின் உழைப்பை விளங்கிக்கொண்டு எழுதுவதும், கணினி கற்றவர் தம் வாழ்வுக்குத் தமிழிலே சொற்றேடுவதும் அப்பகைமையை நீக்கும் வழிகள். குறிஞ்சாக்கேணியின் ஒரு வீட்டில் நள்ளிரவில் எரியும் விளக்கொன்று எதற்காக எரிகின்றது என்பதை அயல்வீட்டாருக்குச் சொல்லக்கூடிய நாவல் தமிழில் எழுதப்படுதல் வேண்டும்.